கிங் யாருடைய மனதையும் கரைக்கக் காத்திருக்கவில்லை: அகிம்சைப் போராட்டம் வேலை செய்யும் விதம்

திருகோணமலையில் ஹர்த்தால் என்றால் மத்திய வீதிக் கடைகளின் கதவுகள் இறங்கிவிடும். பஸ் நிலையம் பாதி வெறுமையாகக் கிடக்கும். மறுநாள் விடிந்ததும் எல்லாம் பழையபடி நடக்கும். அதற்குப் பிறகு தேநீர்க் கடைகளில் இரண்டு கட்சிகள் மோதிக்கொள்வதைக் கேட்கலாம். "எங்கள் எதிர்ப்பை அகிம்சை வழியில் காட்டிவிட்டோம்" என்பது ஒரு கட்சி. "அகிம்சையெல்லாம் அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்குக்குச் சரி, அங்கே கேட்க ஆளிருந்தது. இங்கே யார் கேட்பார்கள்?" என்பது மற்றக் கட்சி.

வெளிப்பார்வைக்கு எதிரெதிரான இந்த இரு கட்சிகளும் ஒரே எண்ணத்தின் மீதுதான் நிற்கின்றன. நாம் படும் வருத்தத்தைக் காட்டினால் அதிகாரத்தில் இருப்பவர் மனம் இரங்குவார்; அதுதான் அகிம்சை. ஒருவர் இரங்குவார் என்று நம்புகிறார், மற்றவர் இரங்கமாட்டார் என்கிறார், அவ்வளவுதான். கிங்கின் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார்த்தால், அவர் நடத்திய போராட்டங்களில் எதிராளியின் இரக்கத்துக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது என்பது தெரியும்.

ஆள் யார்?

மார்ட்டின் லூதர் கிங் 1929 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தை பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர். மகனும் இறையியல் படித்து, 1954இல் அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரி நகரில் போதகரானார்; அடுத்த ஆண்டு பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வறுமையில் வளர்ந்தவர் அல்லர். ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மனிதருக்குப் படிப்போ பணமோ கவசமாக இருந்ததில்லை. பாடசாலை, பஸ், உணவகம், குடிநீர்க் குழாய் என்று எல்லாவற்றிலும் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்துவைத்த சட்டங்கள் அங்கே நடைமுறையில் இருந்தன. அவற்றை ஜிம் குரோ சட்டங்கள் என்பார்கள். வாக்குரிமை காகிதத்தில் இருந்தது. பதிவு செய்யப் போனால் ஆயிரம் தடை. இவற்றை உடைத்து, சட்டத்தின் முன் சமமான குடிமக்களாக வாழும் உரிமையைக் கேட்டதுதான் சிவில் உரிமை இயக்கம்.

கயிற்றை இழுக்கும் கைகள்

சல்லி, சாம்பல்தீவுப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் இலகுவாகப் புரியும். வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. எப்போது வலை வளைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதிலெல்லாம் அவர் சொல்தான் செல்லும். ஆனால் மீன் விழுந்த மடி, அதாவது வலையின் பை, கரைக்கு வருவதற்கு இரண்டு பக்கமும் கயிறு பிடிக்கும் கைகள் வேண்டும். இழுப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தால், யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஆனால் அன்றைக்கு மீன் இல்லை. சம்மாட்டி நல்லவரா, கல்நெஞ்சரா என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லை. அவர் பேச வந்துதான் ஆகவேண்டும்.

இதற்குப் பெயர் ஒத்துழையாமை. ஓர் ஒழுங்கு நடப்பதற்கு நாம் அன்றாடம் கொடுத்துக்கொண்டிருக்கும் உழைப்பையோ பணத்தையோ கீழ்ப்படிவையோ திருப்பி எடுத்துக்கொள்வது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: நம் கைகள் இல்லாமல் அந்த வலை வரக்கூடாது. பின்னாளில் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச், அதாவது கயிறு சுற்றும் பொறி, வலையை இழுக்கத் தொடங்கியது. அங்கே பத்துப் பேர் கயிற்றை விட்டாலும் மடி வந்து சேர்ந்துவிடும். இந்த வின்ச் கதையை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

மொன்ட்கொமரி பஸ்ஸில் நடந்தது

அந்த நகரத்து பஸ்ஸில் 36 ஆசனங்கள். முன்னால் உள்ள பத்தும் வெள்ளையருக்கு. அவை காலியாக இருந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக்கூடாது. பின்னால் உள்ள பத்து கறுப்பினத்தவருக்கு. நடுவில் உள்ளவற்றில் யார் இருப்பது என்பதைச் சாரதி தீர்மானிப்பார். பல சாரதிகள் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார்கள். கறுப்பினப் பயணி முன்கதவால் ஏறிப் பத்துச் சதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, மறுபடி இறங்கி, வெளியே நடந்து போய்ப் பின்கதவால் ஏற வேண்டும். ஏறுவதற்குள் பஸ் புறப்பட்டுப் போவதும் உண்டு. இத்தனைக்கும் அந்த பஸ் சேவையில் பயணம் செய்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். கம்பனி ஓடியதே அவர்கள் போட்ட சதங்களில்தான்.

1955 டிசம்பர் 1 மாலை, தையல் வேலை முடித்து வந்த ரோசா பார்க்ஸ் நடு வரிசையில் இருந்தார். வெள்ளையர் ஒருவருக்கு இடம் கொடுக்க அந்த வரிசையில் இருந்த நால்வரையும் எழும்பச் சொன்னார் சாரதி. மூவர் எழுந்தார்கள், அவர் எழவில்லை. கைது செய்யப்பட்டார். களைத்துப்போன ஒரு பெண் தற்செயலாக மறுத்துவிட்டார் என்று பாடப்புத்தகப் பாணியில் இதைச் சொல்வார்கள். அவர் பல ஆண்டுகளாகக் கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக இருந்தவர். அதே ஆண்டு மார்ச்சில் கிளோடெட் கொல்வின் என்ற 15 வயது மாணவியும் இதே போல மறுத்துக் கைதாகியிருந்தார். பற்றவைக்கத் தயாராக விறகு அடுக்கப்பட்டிருந்தது.

கைதான இரவே ஜோ ஆன் ரொபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை தன் கல்லூரியில் பிரதியெடுக்கும் ரோனியோ இயந்திரத்தின் முன் போய் நின்றார். ஒரு சக ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் துணை. விடிவதற்குள் பல்லாயிரம் துண்டுப்பிரசுரங்கள் தயார்: திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏறாதீர்கள். இதைச் செய்தவர் கிங் அல்லர். அவருக்குச் செய்தியே அடுத்த நாள்தான் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 5 அன்று பஸ்கள் வெறுமையாக ஓடின. அன்று பின்னேரம் ஒரு சங்கம் அமைத்து, 26 வயதான அந்தப் புதிய போதகரைத் தலைவராக்கினார்கள். ஊருக்குப் புதியவர் என்பதால் பகைவர்களும் குறைவு, கடன்பட்ட இடங்களும் குறைவு. அவரைத் தெரிவுசெய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் வைத்த கோரிக்கைகள் நம்ப முடியாத அளவுக்குச் சிறியவை. பயணிகளை மரியாதையாக நடத்துங்கள். வெள்ளையர் முன்னாலிருந்தும் நாங்கள் பின்னாலிருந்தும் நிரப்பிக்கொண்டு வருகிறோம், இருந்தவரை எழுப்பாதீர்கள். கறுப்பினத்தவர் கூடுதலாகப் பயணிக்கும் பாதைகளில் கறுப்பினச் சாரதிகளை நியமியுங்கள். பிரிவினையையே ஒழியுங்கள் என்று கூட அவர்கள் அன்று கேட்கவில்லை. நகர நிர்வாகம் அதற்கும் இணங்கவில்லை.

ஒரு நாள் பஸ்ஸைப் புறக்கணிப்பது எவருக்கும் முடியும். இரண்டாம் நாள் வேலைக்கு எப்படிப் போவது? போராட்டம் உண்மையில் நடந்தது இந்தக் கேள்விக்குள்தான். கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணத்துக்கே ஆட்களை ஏற்றினார்கள்; நகரம் குறைந்தபட்சக் கட்டணச் சட்டத்தைக் காட்டித் தடுத்தது. உடனே சுமார் 300 கார்களைக் கொண்டு ஒரு தனிப் போக்குவரத்தையே ஏற்படுத்தினார்கள். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருந்தது. பொலிஸார் சின்னச் சின்னக் குற்றங்களுக்கெல்லாம் தண்டம் எழுதினார்கள். வேகமாக ஓட்டியதாகக் கிங்கையே பிடித்து அடைத்தார்கள். காப்புறுதிக் கம்பனிகள் வாகனக் காப்புறுதியை இரத்துச் செய்தபோது, கடல் கடந்து லண்டன் லொயிட்ஸில் காப்புறுதி எடுத்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் அந்தக் காப்புறுதிப் பத்திரம்தான். மேடைப்பேச்சு எழுதுகிறவர் எவரும் அதைக் குறிப்பிடமாட்டார். ஆனால் அது இல்லாவிட்டால் வாகனங்கள் ஓடியிரா.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வீட்டு வேலைக்காரிகள் வராவிட்டால் சமையல் நடக்காது என்பதால், வெள்ளைக்கார வீட்டு எசமானிகள் சிலர் தாங்களே காரில் போய் அவர்களை ஏற்றி வந்தார்கள். மேயர் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். எசமானிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள், காயமில்லை. வாசலில் கூடிய சிலர் கையில் ஆயுதம் இருந்தது. கிங் அவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். அன்று ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால், பஸ் பிரச்சினை கலவரப் பிரச்சினையாகி, நகர நிர்வாகத்துக்கு நன்கு பழக்கமான ஆட்டமாகியிருக்கும்.

இதற்கிடையே நீதிமன்றத்தில் கொல்வின் உட்பட நான்கு பெண்களின் பெயரில் ஒரு வழக்கு ஓடியது. 1956 நவம்பர் 13 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றம் பஸ் பிரிவினை அரசியலமைப்புக்கு முரண் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. டிசம்பர் 21 அன்று அவர்கள் முன் ஆசனங்களில் உட்கார்ந்தார்கள்.

இதுவரை பார்த்ததைக் கூட்டிப் பார்ப்போம். எதிராளிக்குத் தேவையான ஒன்றை, இங்கே பஸ் கட்டணத்தை, மக்கள் நிறுத்தினார்கள். நிறுத்தியதால் தங்களுக்கு வந்த கஷ்டத்தைத் தாங்க மாற்று ஏற்பாடு செய்தார்கள். பக்கத்தில் வழக்கும் நடந்தது. நகரத் தலைவர்கள் மனம் மாறியதாக எந்தக் குறிப்பும் இல்லை.

அடி வாங்குவதற்கும் பயிற்சி

அகிம்சை என்பது சாந்த குணம் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் ஜேம்ஸ் லோசன் நடத்திய வகுப்புகளைப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். இவர் இந்தியாவில் நாக்பூர்க் கல்லூரி ஒன்றில் பணியாற்றி, காந்திய முறைகளைக் கற்றுத் திரும்பியவர். தேவாலயத்தில் மாணவர்களை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பகுதியினர் அடியாட்களாக நடிக்க வேண்டும்: தள்ளுவது, தூஷணத்தால் ஏசுவது, முகத்தில் சிகரெட் புகை விடுவது. மற்றவர்கள் கதிரையை விட்டு அசையக்கூடாது. விழுந்தால் தலையை எப்படி மறைப்பது, பக்கத்தில் அடிபடுபவரை எப்படி உடம்பால் காப்பது என்பதும் பாடம். கோபம் அடக்க முடியாதவர்களுக்கு வேறு வேலை கொடுக்கப்பட்டது.

1960 பெப்ரவரியில் இந்த மாணவர்கள் கடைகளின் உணவு மேசைகளில் போய் உட்கார்ந்தார்கள். அந்தக் கடைகளில் கறுப்பினத்தவர் சாமான் வாங்கலாம், ஆனால் உட்கார்ந்து சாப்பிட முடியாது. கைதானவர்களின் இடத்தில் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. மே மாதத்தில் நாஷ்வில் கடைகள் இறங்கி வந்தன. இப்படி நேரடியாகப் போய், அநீதியான ஒழுங்கை அமைதியாக மீறி, அதை வழக்கம்போல நடக்கவிடாமல் செய்வதைத்தான் நேரடி நடவடிக்கை என்பார்கள்.

ஒரு தோல்வி, ஒரு வெற்றி

கிங் தோற்ற ஊர் ஒன்று உண்டு. ஜோர்ஜியாவின் அல்பனி. 1961 இறுதியில் அங்கே பெரும் போராட்டம் தொடங்கியது. ஆட்கள் குறையவில்லை, துணிவும் குறையவில்லை, நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். ஆனால் பொலிஸ் தலைவர் லோரி பிரிச்செட் புத்திசாலி. கிங்கின் முறையைப் படித்துவைத்திருந்தார். கமராக்களுக்கு முன்னால் யாரையும் அடிக்கவேண்டாம், மரியாதையாகக் கைது செய்யுங்கள் என்று பொலிஸாருக்குச் சொன்னார். சிறை நிரம்பி வழிந்தால் நிர்வாகம் திணறும் என்பது போராட்டக்காரர் கணக்கு; பிரிச்செட் சுற்றுவட்டாரச் சிறைகளில் முன்கூட்டியே இடம் பேசி வைத்திருந்தார். கோரிக்கையும் ஒன்றல்ல, நகரத்தில் உள்ள எல்லாப் பிரிவினையும் ஒரே நேரத்தில் போகவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 1962 ஆகஸ்டில் கிங் பெரிதாக எதையும் பெறாமல் ஊரை விட்டு வெளியேறினார். அல்பனியில் வின்ச் இருந்தது. கயிறு விட்டும் வலை வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு அலபாமாவின் பேர்மிங்ஹாம். இந்த முறை குறி சுருங்கியது: நகர மையத்துக் கடைகள். காலம் பார்த்துத் தெரிவு செய்யப்பட்டது: ஈஸ்டர் புத்தாடை வியாபாரம் சூடுபிடிக்கும் வாரங்கள். கறுப்பின மக்கள் உடுப்பு வாங்குவதை நிறுத்தினார்கள். ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று, தடையுத்தரவை மீறி ஊர்வலம் போன கிங் கைதானார். "நோக்கம் சரி, நேரம் சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்ற தோரணையில் வெள்ளையின மதகுருமார் வெளியிட்ட அறிக்கைக்குச் சிறையிலிருந்து அவர் எழுதிய பதில் கடிதம் புகழ்பெற்றது. உண்மைகளைத் திரட்டு, பேச்சுவார்த்தைக்கு அழை, உன்னை நீயே தயார்செய், அதன் பிறகே நேரடி நடவடிக்கை என்று நான்கு படிகளை அதில் சொல்கிறார். பேச மறுத்துக்கொண்டே இருக்கும் ஊரைப் பேசாமல் தப்ப முடியாத நெருக்கடிக்குள் கொண்டுவருவதுதான் நடவடிக்கையின் வேலை என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். "சமாதானம் விரும்பி" என்று மட்டும் அவரைப் போற்றுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பெரியவர்கள் வேலை போய்விடும் என்று தயங்கியபோது, மே 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பை விட்டு வந்தார்கள். பிள்ளைகளை இறக்கியது சரியா என்று அப்போதே கடுமையான வாதம் நடந்தது. எனக்கும் அந்த இடம் உறுத்தத்தான் செய்கிறது. மறுநாள், நகரப் பாதுகாப்பு ஆணையாளர் புல் கொனர் அவர்கள் மீது தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவினார். படங்கள் உலகம் முழுவதும் போயின. பிரிச்செட் தவிர்த்த தவறை கொனர் செய்தார். ஆனால் ஒப்பந்தத்துக்கு வந்தவர் கொனர் அல்லர். வாடிக்கையாளர் வராத கடை முதலாளிகள். மே 10 அன்று உணவு மேசைகள், கழிவறைகள், உடை மாற்றும் அறைகள் எல்லாவற்றிலும் பிரிவினையை நீக்குவதாக ஒத்துக்கொண்டார்கள்.

ஆகவே அழுத்தம் இரண்டு பக்கத்தால் வருகிறது. கடைக்காரரின் கல்லாப் பெட்டி ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாம் தரப்பு மற்றது. இங்கே தொலைக்காட்சி பார்த்த அமெரிக்கப் பொதுமக்களும், அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய வொஷிங்டன் அரசாங்கமும். நேர் எதிரே நிற்பவர் இறுதிவரை மாறாமலே இருக்கலாம்.

அந்தப் பேச்சு

1963 ஆகஸ்ட் 28 வொஷிங்டன் பேரணியில் சுமார் இரண்டரை இலட்சம் பேர் கூடினார்கள். "எனக்கொரு கனவு உண்டு" என்ற கிங்கின் புகழ்பெற்ற பேச்சு அங்கேதான் நிகழ்ந்தது. பேரணியின் பெயரில் "சுதந்திரம்" என்ற சொல்லுக்கு முன்னால் "வேலைவாய்ப்பு" என்ற சொல் இருந்தது என்பதையும், அதை ஒழுங்கமைத்தவர்கள் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ரண்டொல்பும் பேயார்ட் ரஸ்டினும் என்பதையும் சேர்த்துச் சொல்வோர் குறைவு. அந்தப் பேச்சு நாட்டை மாற்றியது என்பார்கள். அடுத்த மாதமே பேர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். பிரிவினையைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் 1964 ஜூலை 2 அன்று நிறைவேறியது. வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6 வரை காத்திருந்தது. அதற்கு முன் அலபாமாவின் செல்மா நகரத்துப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் தடியடி வாங்க வேண்டியிருந்தது. 1964இல் நோபல் சமாதானப் பரிசு வந்தபோது கிங்குக்கு 35 வயது.

1956, 1961, நம்முடைய ஹர்த்தால்

1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டி, ஓர் ஆண்டுக்குள் தமிழர் உரிமைக் கோரிக்கைகள் நிறைவேறாவிட்டால் சத்தியாக்கிரகம் என்று கெடு வைத்தது. அந்த மாதத்தில் மொன்ட்கொமரி பஸ்கள் ஒன்பதாவது மாதமாகப் பயணிகளை இழந்து ஓடிக்கொண்டிருந்தன. கெடு முடியுமுன் 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் வந்தது. அடுத்த ஆண்டு கிழிக்கப்பட்டது. பிறகு 1961 பெப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் திருகோணமலைக்கும் பரவியது. ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது, இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

"அகிம்சையை நாங்கள் செய்து பார்த்துவிட்டோம்" என்று இங்கே முதியவர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த நினைவு. அதை யாரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. கச்சேரி வாசலை மறித்தது வெறும் மன்றாட்டும் அல்ல, நிர்வாகம் உண்மையாகவே முடங்கியது. ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். முடங்கியதால் இழந்தது யார்? கொழும்பின் வருமானமும் ஆளும் கட்சியின் வாக்குகளும் பெரும்பாலும் வேறிடத்தில் இருந்தன. கடிதமும் அனுமதிப்பத்திரமும் கிடைக்காமல் அலைந்தவர்கள் இங்கேயுள்ள மக்கள். இரண்டாவது, மேலே நடுவர் இருந்தாரா? கிங் மோதியது பெரும்பாலும் நகர, மாநில நிர்வாகங்களோடு. அவற்றுக்கு மேலே சமஷ்டி நீதிமன்றமும் வொஷிங்டனும் இருந்தன. இங்கே எதிரே நின்றதே மத்திய அரசாங்கம். 1961 அடங்கிப்போனதற்கு இவை மட்டுமே காரணம் என்று சொல்லவரவில்லை. ஆனால் துணிவோ தியாகமோ குறைந்ததால் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

ஹர்த்தாலையும் இதே கேள்வியோடு பார்க்கலாம். அன்று மூடுவது நம் கடை. கூலி இழப்பது முச்சக்கரவண்டிக்காரரும் மீன் வியாபாரியும் தேநீர்க் கடையில் கோப்பை கழுவும் பையனும். யாருக்கு எதிராக அறிவித்தோமோ அவருக்கு ஒரு சதம் நட்டமில்லை, மறுநாள் அவருக்காகக் காத்திருக்கும் நெருக்கடியும் இல்லை. ஒரு நாள் ஒற்றுமையைக் காட்டுவதற்கு அது பயன்படலாம். துக்கத்தைப் பகிரவும் பயன்படலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால், மொன்ட்கொமரி மக்கள் தங்கள் சொந்தக் கடைகளை ஒரு நாள் மூடிவிட்டு மறுநாள் அதே பஸ்ஸில் பின்கதவால் ஏறியதற்குச் சமம்.

தலைவர் போனால்?

கிங் இருந்ததால்தான் நடந்தது என்பது மிஞ்சியிருக்கும் ஒரு நம்பிக்கை. 1968 பெப்ரவரியில் மெம்பிஸ் நகரத்தில் குப்பை லொறியின் அழுத்தும் பொறிக்குள் அகப்பட்டு இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது சங்கத்தை அங்கீகரிக்கும்படியும் சம்பள உயர்வும். "நான் ஒரு மனிதன்" என்று எழுதிய அட்டைகளைப் பிடித்து நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் போன கிங் ஏப்ரல் 4 மாலை அங்கே விடுதி மாடியில் சுடப்பட்டு இறந்தார். வயது 39. அந்த நேரத்தில் அவர் அமெரிக்காவில் எல்லோருக்கும் பிடித்தமானவராக இருக்கவில்லை. வியட்நாம் போரை எதிர்த்ததால் பழைய நண்பர்கள் பலரும் விலகியிருந்தார்கள்.

வேலைநிறுத்தம் நிற்கவில்லை. நான்கு நாட்களில் கொரெட்டா கிங் மெம்பிஸ் வீதியில் அமைதி ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். குப்பை அள்ளப்படாமல் கிடந்தது. ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்துச் சம்பளத்தை உயர்த்த உடன்பட்டது. சில மாதங்களில் அது கொடுத்த வாக்கை நிறைவேற்றாமல் இழுத்தடிக்கத் தொடங்க, மறுபடியும் வேலையை நிறுத்துவோம் என்று சங்கம் எச்சரிக்க வேண்டியிருந்தது.